வலை காலி, எண் கோணல், பாட்டிலில் நாற்றம்: கடல் மாதிரி எடுப்பவர்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும், திட்டக் கட்டுரைக்காக மாதிரி எடுக்க மாணவர்கள் கிளம்புவார்கள். காசிமேடு, கோவளம், முட்டுக்காடு, பழவேற்காடு என்று ஆளுக்கொரு பக்கம். அடுத்த மாதமே ஒரு பாட்டிலோடு ஆய்வக மேசைக்கு வந்து நிற்பார்கள். "அண்ணா, மீட்டர் கெட்டுப்போச்சு போல." நானும் பல வருடங்களாகப் பார்க்கிறேன், மீட்டர் கெட்டிருப்பது அபூர்வம். பிழை படகிலேயே நடந்து முடிந்திருக்கும், மேசைக்கு வரும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழே வரிசையாகப் பாருங்கள், நடுவில் தாண்டாதீர்கள்.

## 1. மிதவைவலை காலியாக வருகிறது

மிதவை என்பது நீரோட்டத்தோடு மிதந்து திரியும் சிற்றுயிர்கள் (பிளாங்க்டன்), மிதவைவலை அவற்றைப் பிடிக்கும் வலை. முதலில் அடிக்குடுவை. வலையின் வாலில் மாட்டும் குடுவையின் குழாய் திறந்திருக்கிறதா, மரை முழுதாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். கடலில் இறக்கும் முன் ஒரு குவளை தண்ணீரை ஊற்றினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வேகம். வலையை இழுக்க 1 முதல் 2 நாட் வேகம் (மணிக்கு ஏறக்குறைய 2 முதல் 4 கி.மீ.) போதும். ஃபைபர் படகின் அவுட்போர்டு மோட்டாருக்கு அவ்வளவு மெதுவாகப் போகப் பிடிக்காது. கயிறு எந்தச் சாய்வில் நிற்கிறது என்று பாருங்கள். பாதிச் சாய்வில், 45 டிகிரி அளவில் இருந்தால் சரி. வலையின் வளையம் தண்ணீருக்கு மேலே தலைகாட்டினால் வேகம் அதிகம், வலைக்குள் தண்ணீர் போகவே இல்லை. "அண்ணே, கியரிலே போட்டு ஆக்சிலேட்டரை விட்டுடுங்க" என்று கேளுங்கள். அதுவும் போதாவிட்டால் வளையத்துக்குக் கீழே இரண்டு கிலோ எடை கட்டுங்கள்.

நேரம். விலங்கு மிதவைகளில் பல பகலில் ஆழத்துக்கு இறங்கிவிடும், இரவில் மேலே வரும். காலை பதினொரு மணிக்கு மேற்பரப்பில் இழுத்துவிட்டு வலை காலி என்றால் அது வலையின் குற்றமில்லை. விடியும் முன் கடலுக்குப் போகும் படகோடு போங்கள். முடியாவிட்டால் வலையை அடிவரை இறக்கி, மெதுவாகச் சாய்வாக மேலே கொண்டுவாருங்கள்.

வலை மாறிப்போயிருக்கலாம். விலங்கு மிதவைக்கு 200 மைக்ரான் கண்ணி, தாவர மிதவைக்கு 20 மைக்ரான். சீட்டு பிய்ந்துவிட்டதா? வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். 200 மைக்ரானில் கட்டம் கண்ணுக்குத் தெரியும். 20 மைக்ரான் வெறும் பட்டுத்துணி மாதிரி இருக்கும்.

கிழிசல். வலையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வானத்தைப் பின்னணியாக வைத்துப் பாருங்கள். அரிசி அளவு ஓட்டை என்றால் சிலிக்கோன் பசை ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் காயவிட்டால் போதும். ஊசி நூலால் தைக்காதீர்கள், ஊசி போட்ட துளையே கண்ணியைவிடப் பெரியதாகிவிடும். தையல் ஓரமே பிரிந்திருந்தால் அது வலை செய்பவரின் வேலை.

வலை வழியாகப் போகும் நீரை அளக்கும் ஓட்டமானி சுற்றவில்லை என்றால் அச்சில் மீன்பிடி நரம்பு, பாசி, முடி ஏதாவது சுற்றியிருக்கும். எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சுற்றுகிறது, ஆனால் எண்ணில் சந்தேகம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மீட்டர் விட்டமுள்ள வளையத்தின் பரப்பு 0.196 சதுர மீட்டர். 1 நாட் வேகத்தில் பத்து நிமிடம் இழுத்தால் ஏறக்குறைய 308 மீட்டர் தூரம். அப்படியானால் வலை வழியாகப் போனது சுமார் 60 கன மீட்டர். உங்கள் ஓட்டமானி 20 என்று சொன்னால் ஒன்று அது மாட்டுகிறது, இல்லையென்றால் வலை அடைத்துக்கொண்டு தண்ணீரை வெளியே தள்ளுகிறது.

## 2. வலை சளி சளியாக, அடைத்துக்கொண்டு வருகிறது

கண்ணாடித் துண்டு மாதிரி கட்டிகள் இருந்தால் சொறிமீனோ அதன் உறவினர்களோதான். பெரிய கண்ணுள்ள சல்லடையில் ஊற்றி, கட்டிகளைக் கடல்நீரால் அலசி, அலசிய நீரையும் மாதிரியோடு சேருங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன உயிர்களும் கணக்கில் வர வேண்டும். கட்டிகளை அளந்து குறித்துவிட்டுத்தான் கடலில் விட வேண்டும். கையுறை போடாமல் தொடாதீர்கள்.

பச்சையோ இளஞ்சிவப்போ கலந்த கஞ்சி மாதிரி இருந்தால் பாட்டிலை ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். கஞ்சி அடியில் தங்காமல் மேலே ஏடு மாதிரி மிதந்து நின்றால் அது பெரும்பாலும் நாக்டிலூகா என்ற ஒளிரும் ஒற்றைச்செல் உயிர். இருட்டான மூலைக்குக் கொண்டுபோய் பாட்டிலை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். தட்டிய இடத்திலிருந்து நீலப்பொறி கிளம்பி ஒரு நொடியில் அணையும். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் இரவில் அலை நீலமாக மின்னியதைப் பார்க்க ஊரே திரண்டதே, அதே உயிர்தான். அந்த நீரில் பத்து நிமிடம் இழுக்காதீர்கள், இரண்டு நிமிடம் போதும். நேரத்தைக் குறைத்ததைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

சேறு வந்தால் வலை தரை தட்டியிருக்கிறது. அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள். கழுவிக் காப்பாற்றலாம் என்று பார்க்காதீர்கள், அதில் தரைவாழ் உயிர்களும் கலந்திருக்கும்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்த வலையை அன்று வேறு இடத்தில் இறக்கவே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, ஒரே வலையை அங்கேயும் தெற்கேயும் போட்டு எல்லா மாதிரியையும் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் போட்டு ஊறவைத்து அலசுங்கள். அதற்குப் பிறகும் வாசம் இருந்தால் அந்த வலையை எண்ணெய் இடத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள்.

கடற்குதிரையோ கடல் அட்டையோ வலையில் சிக்கினால் உடனே நீரில் விடுங்கள். இரண்டும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. அனுமதிக் கடிதம் இல்லாமல் பாட்டிலில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால் எங்களையும் சேர்த்துத்தான் சிக்கலில் விடுகிறீர்கள்.

## 3. உப்பளவு நம்ப முடியாத எண்ணாக இருக்கிறது

திறந்த கடல்நீர் ஆயிரத்துக்கு 35 பங்கை ஒட்டி இருக்கும். நீங்கள் எடுத்தது 41 என்றோ 24 என்றோ வந்தால் இப்படிப் பிரியுங்கள்.

அதிகமாகக் காட்டுகிறது. பாட்டிலின் கழுத்தில் விரலை வைத்துத் தடவுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் மூடி சரியில்லை, நீர் ஆவியாகிவிட்டது, அந்த மாதிரியை விட்டுவிடுங்கள். கழுத்து சுத்தமாக இருந்தால், ஒரு சொட்டில் உப்பளவு பார்க்கும் ஒளிவிலகல்மானியின் கண்ணாடியைப் பாருங்கள். முந்தைய சொட்டு காய்ந்து படிந்திருந்தால் அடுத்த சொட்டில் அதுவும் கரையும். துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லாமே ஒரே அளவு தள்ளிக் காட்டுகிறது. சுழியத்தை எதை வைத்து அமைத்தீர்கள்? வாலைவடிநீர்தான் (டிஸ்டில்டு வாட்டர்) முறை. படகில் அது தீர்ந்துவிட்டால் கேன் தண்ணீர்கூடப் பரவாயில்லை, அதில் உள்ள உப்பு இந்தக் கருவியின் கோட்டில் தெரியாது. கடற்கரைப் பக்கம் போர் தண்ணீரை மட்டும் எடுக்காதீர்கள். அதுவே உப்பு கரிக்கும், அதைச் சுழியம் என்று வைத்தால் எல்லா எண்ணும் கீழே இறங்கிவிடும்.

ஒரே சொட்டு, ஆளுக்கொரு எண். மூடித்தகட்டுக்குக் கீழே காற்றுக்குமிழ் இருக்கிறதா? சொட்டு விட்டதும் அவசரப்பட்டுப் பார்த்தீர்களா? அரை நிமிடம் விடுங்கள். கருவி எங்கே இருந்தது? தானாக வெப்பம் ஈடுசெய்யும் வகைகள் பொதுவாக 10 முதல் 30 டிகிரி வரைதான் சரியாக நடக்கும். மே மாதம் படகின் பலகையில் வெயிலில் கிடந்த கருவி கையில் பிடிக்கவே முடியாத சூட்டில் இருக்கும், அது காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை. ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள்.

சுழியம் சரி, 35 மட்டும் சரியில்லை. பல கருவிகளின் அளவுகோல் சாதாரண உப்புக் கரைசலுக்குப் போட்டது, கடல்நீருக்கு இல்லை. 36.5 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடை 963.5 கிராம் வாலைவடிநீரில் கரையுங்கள். இந்தக் கரைசலின் ஒளிவிலகல் 35 உப்புள்ள கடல்நீருக்குச் சமம். கடல்நீர்க் கருவி இதில் 35 காட்ட வேண்டும். 36.5 காட்டினால் உங்களிடம் இருப்பது உப்புக் கரைசல் கருவி. தூக்கிப்போட வேண்டாம், 36.5 வரும் இடம் 35 என்று தெரிந்து திருத்திக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரிபார்த்தும் எண் குறைவு. மாதம் என்ன? வடகிழக்குப் பருவமழையில் சென்னைக் கரையோர உப்பு 30க்குக் கீழும் போகும். ஆறுகள் கொட்டுவது ஒரு பக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடி, வங்கக் கடலின் தலைப்பகுதியிலிருந்து உப்புக் குறைந்த நீரை இங்கே கொண்டுவருவது இன்னொரு பக்கம். மேற்பரப்பில் ஒரு மாதிரி, ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒரு மாதிரி எடுங்கள். மேலே குறைவு, கீழே அதிகம் என்றால் கடல்தான் அப்படி இருக்கிறது. தயவுசெய்து அந்த எண்ணை "திருத்தி" எழுதாதீர்கள்.

கருவிக்குள் பனி படர்ந்து கோடே தெரியவில்லை என்றால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. கழற்ற வேண்டாம், புதிது வாங்குவதுதான் வழி.

## 4. கரைந்த ஆக்சிஜன் கணக்கு உதைக்கிறது

எனக்கு அதிகம் வரும் புகார் விங்க்ளர் முறையில்தான், அதாவது நீரில் கரைந்த ஆக்சிஜனைப் பழுப்பு வீழ்படிவாகப் பிடித்து, அமிலத்தில் கரைத்து, வெளிவரும் அயோடினைத் தயோசல்பேட் கரைசலால் அளக்கும் முறை. ஒரு பாட்டிலில் மூன்று இடத்தில் கை தவறலாம், மூன்றும் ஒரே மாதிரி தப்பான எண்ணாகத்தான் வெளிவரும். அதனால் நிறத்தைப் பார்த்துப் பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

எண் மிக அதிகம். 30 டிகிரியில், உப்பு 35 உள்ள நீரில் காற்றிலிருந்து கரையக்கூடியது லிட்டருக்கு 6.2 மில்லிகிராம் அளவுதான். பாசி பெருகாத சாதாரண நீரில் 9 வந்தால் பாட்டிலுக்குள் காற்று புகுந்திருக்கிறது. ரப்பர்க் குழாயை பாட்டிலின் அடிவரை விட்டீர்களா? இரண்டு மூன்று பாட்டில் அளவு நீர் வழிந்தோட விட்டீர்களா? மூடியதும் பாட்டிலைச் சாய்த்துத் தோளுக்குக் கீழே பாருங்கள். குண்டூசித் தலை அளவு குமிழ் ஓடினாலும் அந்த பாட்டில் போச்சு. மாங்கனீஸ் கரைசலையும் கார அயோடைடையும் ஒவ்வொரு மில்லிலிட்டர் விடும்போது பிப்பெட்டின் நுனி நீருக்குள்ளே இருக்க வேண்டும், மேலிருந்து சொட்டினால் அதுவும் காற்றைக் கொண்டுபோகும்.

குமிழ் இல்லை என்றால் தயோசல்பேட்டைச் சந்தேகியுங்கள். 0.01 நார்மல் அயோடேட் 10 மி.லி. எடுத்து அமிலமும் அயோடைடும் சேர்த்துத் தரம் பாருங்கள். 10 மி.லி. தயோசல்பேட் போதுமானதாக இருக்க வேண்டும். 11.2 ஆனால் உங்கள் கரைசல் 0.0089தான், பாட்டிலில் ஒட்டியிருக்கும் 0.01 பொய். அதை அப்படியே கணக்கில் போட்டால் ஆக்சிஜன் பன்னிரண்டு சதவீதம் ஏறிக் காட்டும். நம் ஊர் வெயிலில் இது சீக்கிரம் நீர்த்துப்போகும். அளவீடு செய்யும் நாளெல்லாம் தரம் பாருங்கள்.

எண் ஒரேயடியாகக் குறைவு, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில். அலகைப் பாருங்கள். மில்லிலிட்டரில் கணக்கிட்டு மில்லிகிராம் என்று எழுதியிருப்பீர்கள். மில்லிலிட்டரை 1.43ஆல் பெருக்கினால் மில்லிகிராம். 4.4 என்று அழுதவரின் கடல் உண்மையில் 6.3இல் நன்றாகத்தான் இருந்தது.

வீழ்படிவு பழுப்பாக வரவில்லை, வெள்ளையாகவே நிற்கிறது. வெள்ளை என்றால் ஆக்சிஜன் இல்லை. கடலில் எடுத்த மாதிரியில் இப்படி வந்தால் கரைசல்களை மாற்றிப் போட்டீர்களா என்று பாருங்கள். கூவம், அடையாற்று முகத்துவாரத்தில் எடுத்ததா? மூடியைத் திறந்து முகருங்கள். அழுகிய முட்டை வாசம் வந்தால் வெள்ளைதான் உண்மை. அங்கே மணல்திட்டு மூடிக்கொள்ளும் மாதங்களில் நீர் அப்படித்தான் கிடக்கிறது, அதைக் கரைசலின் பிழை என்று தூக்கிப்போட்டுவிடக் கூடாது.

அமிலம் விட்டும் பழுப்பு கரையவில்லை. ஐந்து நிமிடம் பொறுத்து, தலைகீழாக நாலைந்து தடவை புரட்டுங்கள். அப்போதும் இருந்தால் இன்னும் கொஞ்சம் அமிலம்.

மாவுக்கரைசல் (ஸ்டார்ச்) நீலம் தரவில்லை. ஊதாவாகவோ செம்பழுப்பாகவோ வந்தால் மாவு பழசு. ஒரு கிராமை நூறு மில்லி கொதிநீரில் புதிதாகக் கரையுங்கள். புதிய மாவு, ஆனால் நிறம் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே மறைகிறது என்றால் சீக்கிரம் ஊற்றிவிட்டீர்கள். கரைசல் வைக்கோல் மாதிரி வெளிர்மஞ்சளான பிறகுதான் மாவு விட வேண்டும்.

நிறம் போன பிறகு நீலம் திரும்பி வருகிறது. அரை நிமிடம் கழித்து வந்தால் அது காற்றின் வேலை, விட்டுவிடுங்கள். முதலில் நிறம் போன அளவுதான் கணக்கு. உடனே, சில நொடிகளில் திரும்பித் திரும்பி வந்தால் நீரில் நைட்ரைட் இருக்கிறது. சாக்கடை கலக்கும் இடங்களில் எதிர்பார்க்க வேண்டியதுதான். இதற்கு அசைடு சேர்த்த கார அயோடைடு வேண்டும். இங்கே நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். சோடியம் அசைடு கொடிய விஷம், அமிலத்தோடு சேர்ந்தால் விஷவாயு வரும், உலோகக் குழாயுள்ள தொட்டியில் ஊற்றினால் வெடிக்கும் பொருளாக மாறலாம். பொறுப்பான வேதியியலாளரைக் கூப்பிட்டு அவர் முன்னால் செய்யுங்கள்.

எதுவுமே புரியவில்லை என்றால் ஒரு வாளி சுத்தமான கடல்நீரில் கொளத்தூரில் விற்கும் மீன்தொட்டிக் காற்றுக்குழாயைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கொஞ்சம் ஆறவைத்து அளந்து பாருங்கள். 28 டிகிரியில் 6.4 பக்கம் வந்தால் உங்கள் கரைசலும் கையும் சரி. தப்பு படகில்தான்.

## 5. பதப்படுத்திய மாதிரி கெட்டுவிட்டது

அழுகிய வாசம். கடையில் வாங்கும் ஃபார்மலினில் 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு. 5 சதவீத ஃபார்மலின் என்றால் அதில் 5 மி.லி., கடல்நீர் 95 மி.லி. அளவு சரிதான் என்றால் பாட்டிலில் எத்தனை பங்கு உயிர் இருக்கிறது என்று பாருங்கள். கால் பாட்டிலுக்கு மேல் மிதவை இருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் போதாது. இரண்டு பாட்டிலாகப் பிரிக்க வேண்டும்.

வாசம் இல்லை, ஆனால் ஓடுகள் காணோம். ஒரு பெண் மூன்று மாத உழைப்பைக் கொண்டுவந்து வைத்தாள். நுண்ணோக்கியில் நத்தைக் குஞ்சுகள் இருந்தன, உருவம் அப்படியே. ஓட்டின் இடத்தில் வெங்காயத்தின் உள்தோல் மாதிரி ஒரு சவ்வு மட்டும். ஊசி நுனியால் தொட்டதும் மடங்கிவிட்டது. ஃபார்மலின் நாளாக ஆகப் புளிக்கும், அமிலம் சுண்ணாம்பைத் தின்றுவிடும். போராக்ஸைக் கரைத்துக்கொண்டே போய், அடியில் கொஞ்சம் கரையாமல் தங்கும் வரை போடுங்கள். பிஎச் தாளில் 8 பக்கம் காட்ட வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், பிறகு மாதம் ஒருமுறை. கரைந்த ஓடு திரும்பி வராது.

ஃபார்மலின் பாட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அது பழசாகிவிட்டது, வலிமை குறைந்திருக்கும். சூடாக்கிக் கரைக்க முயலாதீர்கள், அந்த ஆவி புற்றுநோய் தரக்கூடியது. ஆபத்தான கழிவை எடுத்துச் செல்பவரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். கண்ணில் தெறித்தால் குழாயடியில் பதினைந்து நிமிடம், பிறகு நேராகக் கண் மருத்துவமனை.

மரபணு வரவில்லை. ஃபார்மலினில் போட்டுவிட்டு மரபணு கேட்டால் கிடைப்பது கடினம். அதற்கு 95 சதவீத எத்தனால், ஒரு நாள் கழித்துப் பழையதை ஊற்றிவிட்டுப் புதிது.

தாவர மிதவை பாட்டில் நிறமிழந்துவிட்டது. லூகோல் அயோடின் விட்ட மாதிரி, பால் சேர்க்காத லேசான டீ நிறத்தில் இருக்க வேண்டும். 100 மி.லி.க்கு ஒரு மில்லி அளவு. வெளுத்தால் இன்னும் சில சொட்டு. அடிக்கடி வெளுத்தால் பாட்டில் பிளாஸ்டிக்காக இருக்கும், அது அயோடினைக் குடித்துவிடும். பழுப்புக் கண்ணாடிக்கு மாற்றுங்கள், இருட்டில் வையுங்கள்.

பாட்டில் இருக்கிறது, பெயர் இல்லை. மார்க்கர் மையை எத்தனால் ஒரு துடைப்பில் அழித்துவிடும். டிரேசிங் தாளில் பென்சிலால் இடம், தேதி, நேரம், வலையின் கண்ணி எழுதி பாட்டிலுக்கு உள்ளே போடுங்கள். பெயரில்லாத பாட்டிலைக் காப்பாற்ற யாராலும் முடியாது.

## 6. நுண்ணோக்கியில் மங்கல்

கண்ணருகு வில்லையைச் சுற்றுங்கள். புள்ளியும் சேர்ந்து சுற்றினால் அழுக்கு அங்கே. கண்ணாடித் தகட்டை நகர்த்துங்கள், கூட நகர்ந்தால் தகட்டில். இரண்டும் இல்லை, பொருளருகு வில்லையை மாற்றினால் மட்டும் போகிறது என்றால் அந்த வில்லையில் கடல்நீர் காய்ந்திருக்கிறது. காய்ந்த உப்பை அப்படியே துடைத்தால் கீறல் விழும். வாலைவடிநீர் நனைத்த வில்லைத்தாளை ஒரு நிமிடம் ஒற்றிவைத்து, உப்பு கரைந்த பிறகு துடையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் மங்கினால் வெறும் பனிதான், காத்திருங்கள். வில்லைக்குள் சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. அதற்குத் தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள், நீங்கள் கழற்றினால் வில்லைகள் பழையபடி ஒரு கோட்டில் நிற்காது.

## 7. அறிகுறி உங்கள் உடம்பில் இருந்தால்

சொறிமீன் பட்ட எரிச்சல்: தேய்க்காமல் கடல்நீரால் அலசி, ஒட்டியிருக்கும் இழைகளைக் கையுறையோடு எடுங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ கரைக்குத் திரும்புங்கள்.

திருக்கை, கெளுத்தி முள்: பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத நீரில் அரை மணிக்குக் குறையாமல் வையுங்கள். வலி இறங்கும், ஆனால் முள் துண்டு உள்ளே இருக்கலாம், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காதீர்கள்.

வலையிலிருந்த கடற்பாம்பு கடித்தது: வலிக்கவில்லை, ஒன்றுமில்லை என்று வேலையைத் தொடராதீர்கள். இந்தக் கடியில் முதலில் வலியே இல்லாமல் இருக்கலாம். உடம்புவலி, இமை தொங்குவது, சிறுநீர் கருப்பது எல்லாம் மணிக்கணக்கில் பின்னால் வரும். கீறவோ கட்டி இறுக்கவோ வேண்டாம். கடித்த கையை அசைக்காமல் வைத்துப் படகைத் திருப்பச் சொல்லுங்கள். கடலில் உதவி வேண்டுமானால் கடலோரக் காவல்படை 1554, கரையில் 108. நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் நச்சுமுறிவு மருந்து தரைப்பாம்புகளுக்காகச் செய்தது. அதனால் செயற்கைச் சுவாச வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும். கடித்தது கடற்பாம்பு என்று வாசலிலேயே சொல்லுங்கள். முடிந்தால் பாம்பைத் தொடாமல் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.